நான்கு கதவும் மறையும் கூரையும்: 1961 லிங்கன் கான்டினென்டல்

கென்னடி சுடப்பட்ட கார் என்பதைத் தவிர ஃபோர்டு நிறுவனத்தின் சொகுசுப் பிராண்டான லிங்கனின் கான்டினென்டல் கன்வெர்டிபிளில் (கூரையை மடக்கித் திறக்கும் காரில்) அப்படி என்ன பெருமை, நான்கு கதவு வைத்த திறந்த காரை மற்றவர்கள் ஏன் செய்யவில்லை, அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அண்ணன் பழைய கார் ஒன்றை வாங்க ஆசைப்படுகிறார், வாங்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவதற்கான பதில் பெரும்பாலும் முதல் இரண்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கென்னடியைச் சற்று ஒதுக்கிவைப்போம். டாலஸ் துயரம் நடந்தது 1963 நவம்பர் 22 அன்று. இந்தக் கார் சந்தைக்கு வந்த 1961ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் தொழில்துறை வடிவமைப்பாளர் கழகம் இதற்கு வெண்கலப் பதக்கம் கொடுத்துவிட்டது. அந்தக் கழகம் கார்களைத் தேடிப்போய்ப் பாராட்டும் வழக்கமுடையது அல்ல. பதக்கம் ஃபோர்டு நிறுவனத்தின் ஏழு வடிவமைப்பாளர்களுக்குச் சேர்ந்து கிடைத்தது. அவர்களில் முக்கியமானவர் எல்வுட் எங்கெல். அப்போது வடிவமைப்புத் துறைக்குத் தலைவராக இருந்த ஜார்ஜ் வாக்கரின் வலது கை.

இந்தக் காரின் அருமை புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய லிங்கனைப் பார்க்க வேண்டும். 1958 மாடலின் நீளம் 229 அங்குலம், அதாவது 19 அடி. சாய்ந்த இரட்டை முகப்பு விளக்குகள், பக்கவாட்டில் குடைந்தெடுத்த பள்ளங்கள், எங்கே பார்த்தாலும் குரோமியம். போட்டிச் சொகுசுப் பிராண்டான காடிலாக்கைவிடப் பெரிதாகச் செய்தால் காடிலாக்கைவிட அதிகமாக விற்கும் என்று யாரோ போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கு பொய்த்துப்போனது. 1958 முதல் 1960 வரை லிங்கன் பிரிவுக்கு ஏற்பட்ட நஷ்டம் 6 கோடி டாலரைத் தாண்டியது. அதே சமயத்தில் எட்செல் என்ற புதிய பிராண்டும் படுத்துவிட்டதால், லிங்கனையும் இழுத்து மூடிவிடலாமா என்ற பேச்சு நிறுவனத்துக்குள் எழுந்தது.

மூடச் சொல்லும் இடத்தில் இருந்தவர் ஃபோர்டின் உயரதிகாரி ராபர்ட் மெக்னமாரா. பிற்பாடு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராகி வியட்நாம் போரோடு பெயர் பிணைந்துபோன அதே மெக்னமாராதான். கார் மோகம் துளியும் இல்லாத மனிதர், எண்களை மட்டும் நம்பியவர். மலிவான, எளிமையான ஃபால்கன் என்ற சின்னக் காரைக் கொண்டுவந்தவர். அமெரிக்காவின் மிக அழகான சொகுசுக் காரை அவர்தான் பிழைக்கவைத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வேடிக்கையாக இருக்கிறது.

நடந்தது இதுதான். 1961ஆம் ஆண்டு தண்டர்பேர்டு என்ற இரண்டு கதவுக் காரின் வடிவத்துக்காக ஃபோர்டுக்குள்ளேயே இரண்டு குழுக்கள் போட்டி போட்டன. எங்கெலின் குழு களிமண்ணில் செய்த மாதிரி தேர்வாகவில்லை. அது தண்டர்பேர்டுக்குக் கொஞ்சம் அதிகமான கம்பீரத்தோடு இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதைப் பார்த்த மெக்னமாரா, இதையே சற்று நீட்டி நான்கு கதவு வைத்து லிங்கனாக ஆக்க முடியுமா என்று கேட்டார். முடிந்தது. தண்டர்பேர்டு தயாராகும் அதே விக்ஸம் தொழிற்சாலையில், அதன் சில உட்பாகங்களையும் பகிர்ந்துகொண்டு தயாரித்ததால் செலவும் கட்டுக்குள் வந்தது. மெக்னமாராவுக்குப் பிடித்த கணக்கு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

புதிய காரின் நீளம் 212.4 அங்குலம். 1958 மாடலோடு ஒப்பிட்டால் 16 அங்குலத்துக்கு மேல் குறைவு. ஆண்டுக்கு ஆண்டு கார் நீண்டுகொண்டே போக வேண்டும் என்று ஊரே நம்பிய காலத்தில் ஒரு சொகுசு நிறுவனம் தன் காரைச் சிறிதாக்கியது. பக்கவாட்டில் இருந்து பாருங்கள்: முகப்பு விளக்கின் மேலே தொடங்கும் ஒரு விளிம்பு, கதவுகளின் தோளைத் தொட்டபடி வால் விளக்கு வரை ஏறக்குறைய நேர்கோடாக ஓடுகிறது. அந்த விளிம்பில் மட்டும் மெல்லிய பளபளப்புப் பட்டை. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அலங்காரப் பட்டையும் இல்லை, துடுப்பும் இல்லை. அதே ஆண்டு காடிலாக் இன்னும் வாலில் துடுப்புகளோடுதான் வந்துகொண்டிருந்தது. தெருவில் இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தினால் லிங்கன் பத்து வருடம் தள்ளிப் பிறந்த கார் போலத் தெரியும்.

என் கருத்தில் இந்தக் காரைப் புரிந்துகொள்ள ஒன்று போதும். வெளித்தோற்றம் எவ்வளவு எளிமையோ அவ்வளவு சிக்கல் உள்ளே இருக்கிறது. அந்தச் சிக்கல் முழுவதும் வெளித்தோற்றத்தைக் கெடுக்காமல் இருப்பதற்காகவே உருவானது. கதவும் கூரையும் இதற்கு நல்ல சான்றுகள்.

முதலில் கதவு. தண்டர்பேர்டு அளவுக்கென்று பிறந்த உடலை நீட்டியும் சக்கரங்களுக்கிடையே 123 அங்குலம்தான் கிடைத்தது. பின் கதவை வழக்கம்போல முன்பக்கக் கீலில் மாட்டினால், பின்சீட்டில் இருந்து இறங்குபவரின் கால் கதவில் இடித்தது. ஆகவே பின் கதவின் கீலைப் பின்னால் கொண்டுபோய், கதவு வால்பக்கமாகத் திறக்கும்படி மாற்றினார்கள். முன்கதவும் பின்கதவும் நம் வீட்டு அலமாரிக் கதவுகள் போல எதிரெதிராக விரியும். பலர் இதை ஆடம்பரத்துக்காகச் செய்ததாக நினைக்கிறார்கள். இடப் பற்றாக்குறைக்குக் கண்டுபிடித்த தீர்வு அது. பார்ப்பதற்கு அழகாகவும் அமைந்துபோனது அதிர்ஷ்டம்.

இப்படித் திறக்கும் கதவு ஓடும்போது சரியாகத் தாழிடாமல் இருந்தால் காற்றே அதைப் பிய்த்துத் திறந்துவிடும். அதனால் கதவு முழுவதும் மூடவில்லை என்றால் டாஷ்போர்டில் எரியும் ஓர் எச்சரிக்கை விளக்கு வைத்தார்கள். பூட்டுகள் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் இயங்கின. கன்வெர்டிபிளில் இன்னொரு நுட்பமும் உண்டு. கூரை இல்லாத காரில் இரு கதவுகளுக்கும் நடுவே மேல்தூண் கிடையாது. முன்கதவின் கண்ணாடியும் பின்கதவின் கண்ணாடியும் நேரடியாக ஒன்றோடொன்று பொருந்தி நிற்க வேண்டும். பின்கதவைத் திறந்தால் அதன் கண்ணாடி முன்கதவுக் கண்ணாடியின் ரப்பரில் உரசும். ஆகவே பின்கதவின் கைப்பிடியை இழுத்ததும் அந்தக் கண்ணாடி தானாகச் சில அங்குலம் கீழே இறங்கும். கதவை மூடியதும் மீண்டும் மேலே ஏறி ரப்பரோடு பொருந்தும். இன்றைய விலையுயர்ந்த இரண்டு கதவுக் கார்களில் கணினி செய்யும் வேலை இது. 1961இல் சுவிட்சும் மோட்டாரும் வைத்தே செய்துவிட்டார்கள்.

அடுத்தது கூரை. சாதாரணக் கன்வெர்டிபிளில் துணிக்கூரையை மடக்கினால் பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு மூட்டை போலக் குவிந்து நிற்கும். அதன் மேல் ஓர் உறையைப் போட்டு மூடுவார்கள். லிங்கனில் மூட்டையும் இல்லை, உறையும் இல்லை. கூரை முழுதாக டிக்கிக்குள் போய்விடும். மேலே சமதளமான இரும்புத் தகடு மட்டும் தெரியும். காருக்குக் கூரை என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இருக்காது. இந்த வித்தையின் மூலம், 1957 முதல் 1959 வரை ஃபோர்டு விற்ற ஸ்கைலைனர் என்ற கார். அதில் இரும்புக்கூரையையே டிக்கிக்குள் மடக்கி வைத்தார்கள். விற்பனை எடுபடவில்லை. ஆனால் அந்த இயந்திர அறிவு வீண்போகவில்லை. லிங்கனுக்குத் துணிக்கூரையோடு வந்து சேர்ந்தது.

ஓட்டுநர் சுவிட்சைப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது நடப்பதைச் சொல்கிறேன். டிக்கி மூடியைப் பிடித்திருக்கும் திருகுகளை ஒரு மோட்டார் கழற்றும். டிக்கி மூடி நமக்குப் பழக்கமான திசையில் திறக்காமல், பின்சீட்டை ஒட்டிய விளிம்பு மேலெழுந்து, பம்பர் பக்கக் கீலில் நின்று, காரின் வால்பக்கமாகச் சாயும். முன்கண்ணாடிச் சட்டத்தோடு கூரையை இறுக்கியிருக்கும் திருகுகளை இன்னொரு மோட்டார் கழற்றும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் உருளைகள் கூரையைத் தூக்கி, பின்னால் கொண்டுவந்து, டிக்கியின் பள்ளத்தில் மடக்கிப் படுக்கவைக்கும். மூடியின் விளிம்போடு சேர்ந்த துணைத் தகடு ஒன்று விரிந்து, சீட்டுக்கும் மூடிக்கும் இடையே விழும் இடைவெளியை அடைக்கும். மூடி இறங்கும். திருகுகள் மீண்டும் இறுகும். இத்தனைக்கும் மனிதக் கை தொடும் இடம் அந்த ஒரு சுவிட்ச் மட்டும்.

இதில் கணினி கிடையாது, மின்னணுச் சில்லு கிடையாது. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததா என்று பார்த்துச் சொல்ல ஒரு லிமிட் சுவிட்ச். அது சொன்னதும் அடுத்த கட்டத்துக்கு மின்சாரத்தைத் திருப்பிவிட ஒரு ரிலே. மூடி முழுவதும் திறந்துவிட்டது என்று அதற்குரிய சுவிட்ச் சொல்லாத வரை கூரை அசையாது. அசைந்தால் தகடும் துணியும் மோதிக் கிழிந்துவிடும் அல்லவா? தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த பழைய தொழில்நுட்பர் யாராவது இதைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார். 1966இல் இந்த அமைப்பைக் கொஞ்சம் எளிமையாக்கி, கூரைக்கு ஒரு பம்ப், டிக்கி மூடிக்கு ஒரு பம்ப் என்று பிரித்தார்கள். அதற்கு முன்பு ஒரே பம்ப்தான். எண்ணெயை எந்தப் பக்கம் அனுப்புவது என்று, மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வுகள் தீர்மானிக்கும்.

இந்த வித்தைக்கு விலையும் உண்டு. கூரை உள்ளே இருக்கும்போது டிக்கியில் ஒரு பயணப்பைக்குக்கூட இடம் தேட வேண்டும். கூரை மேலே இருக்கும்போது இடம் இருக்கிறது, ஆனால் மூடி வால்பக்கமாகத் திறப்பதால் பெட்டியைப் பின்னால் நின்று வைக்க முடியாது. பக்கவாட்டில் நின்று உள்ளே இறக்க வேண்டும். ஊருக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கான கார் இல்லை இது.

இரண்டாவது கேள்விக்கு இப்போது பதில் சொல்வது எளிது. காரின் விறைப்புக்குக் கூரையும் ஒரு முக்கியக் காரணம். அதை எடுத்துவிட்டு, பக்கத்துக்கு இரண்டு பெரிய ஓட்டைகளையும் வைத்தால், மேடுபள்ளத்தில் கார் நடுவில் முறுக்கிக்கொள்ளும், கதவுகள் ஆடும். அதைத் தடுக்க அடித்தளத்தில் இரும்பைக் கூட்ட வேண்டும். லிங்கன் கன்வெர்டிபிளின் எடை 5,200 பவுண்டுக்குக் குறையாது, கிட்டத்தட்ட 2,360 கிலோ. கூரையுள்ள அதே காரைவிட இது ஏறக்குறைய 300 பவுண்டு அதிகம். இந்தப் பாரத்தை இழுக்க 430 கன அங்குல வி8 எஞ்சின், 300 குதிரைத்திறன். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் கடைசியாக நான்கு கதவுத் திறந்த கார் விற்றது ஃப்ரேசர். அது 1951ஆம் ஆண்டு. பத்து ஆண்டுகளாக எவரும் தொடாத ஒன்றை லிங்கன் எடுத்ததே தன்னைக் காடிலாக்கிடமிருந்து வேறுபடுத்திக் காட்டத்தான். விற்பனையில் காடிலாக்கை எட்டிப்பிடிக்க வாய்ப்பே இல்லை. காடிலாக் தயாரிக்காத ஒன்றையாவது தயாரிப்போம் என்று நினைத்திருக்க வேண்டும்.

விலை 6,713 டாலர். அந்தப் பணத்தில் மூன்று ஃபால்கன் கார்களை வாங்கிவிட்டு மீதிச் சில்லறையும் பையில் போட்டுக்கொள்ளலாம். முதல் ஆண்டு விற்ற 25,164 கான்டினென்டல்களில் கன்வெர்டிபிள் 2,857 மட்டுமே. நல்ல ஆண்டு என்று சொல்லத்தக்க 1965இலும் 3,356. 1967இல் 2,276 ஆகச் சரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். ஏழு ஆண்டுகளையும் கூட்டினால் 21,347. காருக்குள் ஏசி சாதாரணமாகிவிட்ட பிறகு, கூரையைத் திறந்து காற்று வாங்கும் ஆசையும் பணக்காரர்களிடம் குறைந்துபோனது. அதன் பிறகு எந்தப் பெரிய அமெரிக்க நிறுவனமும் நான்கு கதவுக் கன்வெர்டிபிள் சொகுசுக் காரை வரிசைத் தயாரிப்பாக விற்கவில்லை.

தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. 1958 மாடலால் கெட்ட பெயரைத் துடைக்க லிங்கன் அன்று வழக்கத்தில் இல்லாத 24 மாதம் அல்லது 24,000 மைல் உத்தரவாதம் கொடுத்தது. கொடுத்த வாக்கு கையைக் கடிக்காமல் இருக்க, ஒவ்வொரு எஞ்சினையும் நிமிடத்துக்கு 3,500 சுற்று வேகத்தில் மூன்று மணி நேரம் ஓடவிட்டு, பிரித்துப் பார்த்து, மறுபடி பூட்டினார்கள். முடிந்த காரை 12 மைல் ஓட்டிப் பார்த்தார்கள். எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, புற ஊதா விளக்கைக் காட்டி எங்காவது கசிகிறதா என்று தேடினார்கள். மழைத் துடைப்பான்களுக்குக்கூட மின்மோட்டார் வைக்கவில்லை. பவர் ஸ்டீயரிங்கின் எண்ணெய் அழுத்தத்திலேயே ஓடவைத்தார்கள். சத்தம் வரக் கூடாதாம்! அறுபது ஆண்டுக்குப் பிறகு அதைப் பழுதுபார்ப்பவர் என்ன நினைப்பார் என்று யாருக்குக் கவலை.

இனி கென்னடி. வெள்ளை மாளிகையின் கார் 1961 மாடலில் இருந்து பிறந்தது. சின்சினாட்டியில் இருந்த ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் என்ற நிறுவனம் அதை நடுவில் வெட்டி மூன்றரை அடி நீட்டியது. பின்சீட்டை மேலே உயர்த்தும் ஹைட்ராலிக் அமைப்பு, தேவைக்கேற்பக் கழற்றி மாட்டும் கூரைப் பலகைகள், கருநீல வண்ணம். ரகசியக் காவல் பிரிவு வைத்த குறியீட்டுப் பெயர் எஸ்எஸ்-100-எக்ஸ். ஆண்டுக்கு 500 டாலர் வாடகைக்கு ஃபோர்டு அதைக் கொடுத்திருந்தது. அந்த ஒளிபுகும் பிளாஸ்டிக் கூரை குண்டு துளைக்காதது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். அது மழைக்கும் காற்றுக்குமானது, அவ்வளவுதான். டாலஸில் அன்று வானம் வெளுத்ததால் அதுவும் மாட்டப்படவில்லை. காருக்குக் கவசமே கிடையாது. பலருக்குத் தெரியாத விஷயம், அந்தக் காரை ஓரங்கட்டவில்லை என்பது. கவசமும் நிரந்தரக் கூரையும் பொருத்தி, பிறகு கறுப்பு வண்ணம் பூசி, 1977 வரை அடுத்தடுத்த அதிபர்களுக்கு ஓட்டினார்கள். இப்போது மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தியாவுக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1964 டிசம்பரில் போப் ஆறாம் பால் பம்பாய் வந்தபோது அவருடைய ஊர்வலத்துக்கு வெள்ளை நிற லிங்கன் ஒன்று கிடைத்திருந்தது. திரும்பிப் போகும்போது அதை அன்னை தெரசாவிடம் கொடுத்துவிட்டார். அன்னை அதில் ஏறிக்கூடப் பார்க்காமல் குலுக்கல் சீட்டுப் போட்டு, வந்த பணத்தைத் தொழுநோயாளிகளின் குடியிருப்புக்குச் செலவிட்டார்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். வாங்கலாம், ஆனால் எந்த ஆண்டு, எந்த நிலையில் என்பதுதான் பேச்சு. அழகுக்கு 1961 முதல் 1963 வரை. என் கண்ணுக்கு 1962, 1963 முகப்பு இன்னும் துப்புரவாகத் தெரியும். ஓட்டுவதற்கு 1965. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்த ஆண்டு அது. இரண்டே கால் டன் காரை நான்கு டிரம் பிரேக்கால் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 1964இல் கார் மூன்று அங்குலம் நீட்டப்பட்டதால் பின்சீட்டில் காலை நீட்டலாம். ஆனால் வளைந்த கதவுக் கண்ணாடிக்குப் பதில் தட்டைக் கண்ணாடி வந்துவிட்டது, அது எனக்குப் பிடிக்கவில்லை. 1966இல் உடலே பெரிதாகிவிட்டது. பெட்ரோல் எந்த ஆண்டானாலும் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்று மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பார்க்க வேண்டியது முதலில் துரு. இந்தக் காருக்குத் தனி சேசிஸ் கிடையாது, உடலே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவப் பகுதிகள் துருவால் அரித்திருந்தால் மேலே எவ்வளவு பளபளத்தாலும் கைவிட்டுவிடலாம். சோதிக்கச் சுலபமான வழி: நான்கு கதவுகளையும் மூடி, இடைவெளிகள் மேலும் கீழும் ஒரே அளவா என்று பார்ப்பது. மேலே நெருங்கியும் கீழே விலகியும் இருந்தால் உடல் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

எஞ்சினுக்குப் பயப்பட வேண்டாம், அது முரடன். கூரைக்குத்தான் பயப்பட வேண்டும். பாதியில் நின்றுபோகும் கூரைதான் இந்தக் காரின் பிரசித்தி பெற்ற நோய். டிக்கி மூடி வானத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டால் வண்டியை எங்கும் எடுத்துச்செல்ல முடியாது. பெரும்பாலும் பழி பம்ப் மேல் விழும். குற்றவாளி எங்கோ பச்சை பூத்த ஒரு லிமிட் சுவிட்சாகவோ, கழன்ற ஓர் எர்த் கம்பியாகவோ இருக்கும். எந்தக் கட்டத்தில் நின்றது என்று கவனித்தால், அதற்கு முந்தைய கட்டத்தின் சுவிட்சில் இருந்து தேடலைத் தொடங்கலாம். இதைச் செய்யத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஊரில் இருக்கிறாரா என்பதை, கார் தேடுவதற்கு முன்பே விசாரித்துவிடச் சொல்லுங்கள்.

விற்பவர் கூரையை ஒருமுறை இறக்கிக் காட்டினால் போதும் என்று நிற்க வேண்டாம். எஞ்சின் ஓடும் நிலையில், இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கச் சொல்ல வேண்டும். அப்போது அண்ணன் ஓட்டுநர் சீட்டில் உட்காராமல் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்கட்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே மோட்டார் தயங்கினாலோ, மூடியின் ஒரு பக்கம் முன்னே போய் மறு பக்கம் பின்தங்கினாலோ, பேசிய விலையில் கூரை வேலைக்கான செலவைக் கழித்துக்கொண்டு பேச்சைத் தொடரலாம். "நேற்று வரை வேலை செய்தது, இன்றுதான் பேட்டரி இறங்கிவிட்டது" என்று சொன்னால், பேட்டரி ஏறிய பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம்.